மறுத்த பின்னும் மிஞ்சுவது

கொச்சியில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கி ஊருக்குள் நடப்பவருக்குச் சிறிது தொலைவிலேயே பல சமயங்களின் வாசல்கள் அடுத்தடுத்து எதிர்ப்படும். 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி ஜெபாலயம், அருகே மட்டாஞ்சேரி அரண்மனை, அரண்மனையோடு சேர்ந்த பழையன்னூர் பகவதி கோயில், கோவாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த கொங்கணி மக்களின் திருமலைக் கோயில், குஜராத்தி வணிகர்களின் சமணக் கோயில், தொன்மையான பள்ளிவாசல், 1653-இல் கேரளக் கிறிஸ்தவர்கள் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றி உறுதிமொழி எடுத்த கூனன் குரிசு என்று அந்த வரிசை நீளும்.

ஜெபாலயத்தின் தரையில் நீல வண்ணச் சீன ஓடுகள் பளபளக்கின்றன. ஆனால் அங்கே வழிபடுவோரைவிடப் பார்வையாளரே இன்று மிகுதி. 1948-இல் இஸ்ரேல் நாடு உருவான பின்னர்க் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே சென்று குடியேறிவிட்டனர். நம்பிக்கை தேய்ந்ததால் அவர்கள் போகவில்லை; நம்பிக்கை அழைத்த திசையில் போனார்கள். ஆயினும் அந்த அமைதியான கூடத்தில் நிற்கும்போது சிந்தனை உள்ளவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. அறிவியல் வளர வளர எல்லா ஆலயங்களும் இவ்வாறே காட்சிக்கூடங்கள் ஆகிவிடுமா? அப்படி ஆகிவிட்டால் மனிதன் எதைப் பற்றிக்கொண்டு வாழ்வான்?

இக்கேள்வி பல இல்லங்களில் ஏற்கெனவே எழுந்துவிட்டது. பெற்றோர் மாலை விளக்கேற்றுகிறார்கள். கல்லூரியில் அறிவியல் பயிலும் மகனோ மகளோ அந்த விளக்கின் முன் அமர மறுக்கிறார்கள். "நிரூபிக்க முடியாததை நான் எப்படி நம்புவது?" என்று கேட்கிறார்கள். பெற்றோர் முதலில் கோபப்படுகிறார்கள், பிறகு அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் தேவைதானா என்பதைக் கொச்சி மண்ணில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டே ஆராயலாம்.

அறிவியல் சொல்வதும் சொல்லாததும்

அறிவியல் கொச்சிக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலபாரின் மூலிகைகளைப் பற்றிய மாபெரும் நூல் ஒன்றைத் தொகுக்கச் செய்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' எனப்படும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியாயிற்று. அதற்கு மூலிகை அறிவை வழங்கியவர்களில் ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் இருந்தனர். கார்மெல் சபைத் துறவி ஒருவரும் பணியில் உதவினார். வழிபாட்டில் ஒன்றாக அமர முடியாதவர்கள் ஒரு செடியின் முன் ஒன்றாக அமர்ந்தார்கள். உண்மையைத் தேடும் அறிவுக்குச் சாதியும் சமயமும் தடையாக நிற்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அறிவியலின் பெருமை இது. அதன் எல்லையையும் இதே எடுத்துக்காட்டில் காணலாம். எந்த வேர் எந்தக் காய்ச்சலைத் தணிக்கும் என்று மூலிகை நூல் சொல்லும். நள்ளிரவில், கொட்டும் மழையில், கூலி தர இயலாத ஓர் ஏழையின் குடிசைக்கு வைத்தியர் புறப்பட்டுப் போக வேண்டுமா என்று அந்நூல் சொல்லாது. முதல் கேள்வி பொருள்களைப் பற்றியது. இரண்டாவது கேள்வி வாழ்வின் பொருளைப் பற்றியது. முதல் கேள்விக்கு விடை கண்டவர் இரண்டாவதைத் தவிர்த்துவிட முடியாது. மருந்து கையில் இருப்பவருக்குத்தான் அக்கேள்வி மேலும் கடுமையாக எழுகிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பத்திரிகை

கொச்சிக்கு வடக்கே வைப்பின் தீவில் செறாய் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1889-இல் பிறந்தவர் ஐயப்பன். அவர் பிறந்த ஈழவ சமூகம் அன்று உயர்சாதியினரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஈழவர்களோ தமக்கும் கீழே வைக்கப்பட்ட புலையர்களை ஒதுக்கி வைத்திருந்தனர். அடிபட்டவனே அடுத்தவனை அடிக்கும் அந்த விந்தை ஐயப்பனின் உள்ளத்தை அறுத்தது. ஸ்ரீ நாராயண குருவின் அன்பும் ஊக்கமும் அவருக்கு வாய்த்தன. பட்டம் பெற்று ஊர் திரும்பிய ஐயப்பன் 1917 மே 29 அன்று செறாயில் ஒரு சமபந்தியை நடத்தினார். ஈழவர்கள் புலையச் சிறுவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஊர் கொதித்தெழுந்தது. அவருடைய சொந்தச் சமூகத்தின் சபையே அவரை விலக்கி வைத்தது. 'புலையன் ஐயப்பன்' என்று ஏளனப் பெயரும் சூட்டியது. அவர் அதை ஒரு விருதைப் போல ஏற்றுக்கொண்டார். அவர் தொடங்கிய இயக்கம் 'சகோதர சங்கம்' ஆயிற்று. அதே 1917-இல் மட்டாஞ்சேரியிலிருந்து அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'சகோதரன்'. 1956 வரை நடந்த அப்பத்திரிகையின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் எர்ணாகுளத்தில் மக்கள் நாள்தோறும் கடந்து செல்லும் பெருஞ்சாலை ஒன்று சகோதரன் ஐயப்பன் சாலை என்றே வழங்குகிறது.

ஐயப்பன் பகுத்தறிவாளர். 1920-களின் இறுதியில் தொடங்கிய 'யுக்திவாதி' இதழின் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். மனிதகுலம் முழுவதற்கும் சாதி ஒன்று, மதம் ஒன்று, தெய்வம் ஒன்று என்பது குருவின் போதனை. சீடர் அதை மாற்றினார். மனிதனுக்குச் சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்று முழங்கினார். பலர் நினைவில் வைத்திருப்பது இந்த முற்பகுதியை மட்டுமே. ஆனால் அம்முழக்கம் அங்கே முடிவதில்லை. வேண்டுவது தர்மம் என்பதை அவர் ஒரு முறைக்கு மும்முறை அழுத்திச் சொல்லித்தான் முடித்தார்.

சாதியைத் தள்ளினார், மதத்தைத் தள்ளினார், தெய்வத்தையும் தள்ளினார். தர்மத்தை மட்டும் அவரால் தள்ள முடியவில்லை. தள்ள அவர் விரும்பவும் இல்லை. மறுப்பின் கடைசிப் படியில் நின்றபோதும் அவர் கைவிடாத ஒன்று இருந்தது. ஆன்மிக நாட்டம் உடையவர் அவருடைய வாழ்வில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

குரு அவரை எவ்வாறு கண்டார்?

குரு தம் சீடரை விலக்கி வைக்கவில்லை. எதிர்ப்பால் மனம் நொந்து வந்த ஐயப்பனிடம், ஏசு கிறிஸ்துவைப் போலப் பொறுமை காக்குமாறு அவர் ஆறுதல் கூறியதாகச் சொல்வர். குரு சமபந்தியை ஏற்கவில்லை என்று சிலர் வதந்தி பரப்பியபோது, 1921-இல் தம் கைப்படவே ஒரு செய்தி எழுதிக் கொடுத்தார். மதமும் உடையும் மொழியும் எவையாயினும் மனிதர் அனைவரும் ஓரினத்தவர், ஆகவே கலந்து உண்பதிலும் மணம் புரிவதிலும் தவறில்லை என்பது அச்செய்தியின் சாரம்.

இந்தப் பரிவு எங்கிருந்து வந்தது? குரு மதத்தின் வெளித்தோற்றத்தைக் கடந்து நின்றவர். தமிழ்நாட்டின் தென்கோடியில் மருத்துவாமலைக் குகையில் தவம் இயற்றியவர். தமிழில் பதிகங்கள் பாடியவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். தாம் எந்தச் சாதிக்கும் மதத்திற்கும் உரியவர் அல்லர் என்று 1916-இல் வெளிப்படையாக அறிவித்தார். இனிக் கோயில்களைவிடப் பள்ளிக்கூடங்களே முதன்மையான ஆலயங்கள் ஆகட்டும் என்று 1917-இல் அறிவுறுத்தினார். 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் அதற்குத் தலைமை தாங்கினார். வாதாடி வெல்வதற்காக அன்று, அறியவும் அறிவிக்கவுமே அந்த மாநாடு என்று வாசலில் எழுதி வைத்தனர். 1927-இல் களவங்கோட்டில் தெய்வ உருவத்தின் இடத்தில் ஒரு கண்ணாடியையே குரு பிரதிஷ்டை செய்தார்.

அந்தக் கண்ணாடி ஒரு பாடம். கடவுளைக் காண வந்தவன் தன் முகத்தையே காண்கிறான். நம்பிக்கை உள்ளவனைப் பார்த்து, "நீ வெளியே தேடுவது உன்னிடத்திலேயே உள்ளது" என்று அது சொல்கிறது. நம்பிக்கை அற்றவனைப் பார்த்து, "நீ எதை வேண்டுமானாலும் மறுக்கலாம், மறுக்கிற உன்னை மறுக்க முடியுமா?" என்று கேட்கிறது.

தர்மம் எங்கிருந்து பிறக்கிறது?

இப்போது கேள்விக்கு நேராக வரலாம். தெய்வம் இல்லை என்றால் தர்மம் ஏன் வேண்டும்? அடுத்தவனுக்காக ஒருவன் ஏன் துன்பத்தை ஏற்க வேண்டும்?

பரிவும் ஒத்துழைப்பும் பரிணாம வளர்ச்சியில் தோன்றியவை, கூட்டமாக வாழும் உயிர்களுக்கு அவை பயன்பட்டன என்று அறிவியல் விளக்கம் தருகிறது. இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஐயப்பன் செய்தது என்ன? தன் கூட்டத்தைக் காக்க அவர் துன்பப்படவில்லை. கூட்டமே விலக்கச் சொன்னவர்களுக்காகத் தன் கூட்டத்தையே எதிர்த்து நின்றார். அதனால் அவருக்கு வந்தவை விலக்கும் வசையும்தான். பரிவு எவ்வாறு தோன்றியது என்று சொல்வது ஒன்று. அந்தப் பரிவை வேலிக்கு அப்பாலும் ஏன் நீட்ட வேண்டும் என்று சொல்வது வேறு. முன்னது வரலாறு, பின்னது வழிகாட்டல். வரலாற்றிலிருந்து மட்டும் வழிகாட்டல் கிடைத்துவிடாது.

வேதாந்தம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. எவரும் மற்றொருவரை அவர் பொருட்டு மட்டும் நேசிப்பதில்லை, எல்லா நேசத்தின் உள்ளேயும் ஆன்மாவே நேசிக்கப்படுகிறது என்று யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசிக்கிறார். பிறர் இன்பத்தையும் துன்பத்தையும் தன்னுடையவற்றைப் போலவே காண்பவனே உயர்ந்த யோகி என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் போற்றுகிறது. பிறனுக்குத் தீங்கு செய்யும்போது உள்ளே ஏதோ உறுத்துகிறது. அவன் முற்றிலும் வேறானவன் அல்லன் என்பதே அதன் காரணம். ஒருமை என்பது உண்மையாக இருப்பதனால்தான் அன்பு என்பது கடமையாகத் தோன்றுகிறது.

இந்த விடையை ஐயப்பன் ஏற்றிருப்பார் என்று சொல்லிவிடக் கூடாது. அவரைப் பிடித்து இழுத்து ஆத்திகர் வரிசையில் நிறுத்துவது அவருக்கு மரியாதை ஆகாது. அவர் தம் பகுத்தறிவில் உறுதியாக நின்றார், புத்தரின் நெறியில் ஈடுபாடு காட்டினார், 1968-இல் மறையும் வரை மனித சமத்துவத்தையே பேசினார். அவருக்கு வேதாந்தத்தின் சான்றிதழ் தேவைப்படவில்லை. வேதாந்தம் பயில்வோருக்குத்தான் அவருடைய வாழ்க்கை தேவைப்படுகிறது. ஏட்டில் ஒருமையைப் படித்தவர்கள் பந்தியில் வேறுபாடு காட்டினார்கள். ஏட்டைத் தள்ளியவர் பந்தியில் ஒருமையைக் காட்டினார். இவ்விருவரில் நாத்திகர் யார் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தெய்வத்தைப் படைப்புத் தலைவனாக ஏற்காமலே அறத்தைப் போற்றும் மரபு பாரதத்திற்குப் புதிதன்று. மட்டாஞ்சேரியின் சமணக் கோயிலே அதற்குச் சாட்சி. உலகைப் படைத்த கடவுள் என ஒருவரைச் சமணம் ஏற்பதில்லை. அகிம்சையையோ உயிரினும் மேலாகக் காக்கிறது. சாங்கியமும் மீமாம்சையும் படைப்புக் கடவுளை மையமாக வைக்காத தரிசனங்களே. அவற்றை நம் முன்னோர் வைதிக தரிசனங்களின் வரிசையிலேயே வைத்தனர். கேள்வி கேட்டவனை ஊரைவிட்டுத் துரத்துவது பிற்காலத்துச் சாதிச் செருக்கு; அது ரிஷிகளின் மரபன்று.

ஐயம் பகையல்ல

கல்கத்தாவில் நரேந்திரநாதராக இருந்த நாளில் சுவாமி விவேகானந்தர் மேலைத் தத்துவ நூல்களைக் கற்று, ஹெர்பர்ட் ஸ்பென்சரின் கருத்துகளில் ஆழ்ந்து, கடவுளைக் கண்டதுண்டா என்று பெரியோரிடம் கேட்டுத் திரிந்தவர். அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கருதாமல் நேராக விடை அளித்தவர் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒருவரே. 1892-இல் விவேகானந்தர் கேரளத்தில் பயணம் செய்தபோது எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்தார். மலபாரின் தீண்டாமை வழக்கத்தை அவர் பின்னர் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பது அனைவரும் அறிந்ததே. மதத்தின் பெயரால் நடந்த கொடுமையை ஒரு துறவியாலேயே பொறுக்க முடியவில்லை என்றால், அதைக் கண்டு மதத்தையே வெறுத்த இளைஞர்களைக் குறைகூற முடியுமா?

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், காயலுக்கு அப்பால் உள்ள அதே எர்ணாகுளத்தில் 1916-இல் பிறந்தவர் பாலகிருஷ்ண மேனன். லக்னோவில் படித்துப் பத்திரிகையாளரானார். துறவிகளின் வாழ்வில் உண்மை உண்டா என்று துருவிப் பார்த்து எழுதும் எண்ணத்தோடு 1947-இல் ரிஷிகேசம் சென்றார். அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டார். சோதிக்கச் சென்றவர் அங்கேயே தங்கினார். 1949 சிவராத்திரியன்று சந்நியாசம் பெற்றுச் சுவாமி சின்மயானந்தர் ஆனார். அவர் தம் ஐயத்தை அடக்கிக்கொண்டு நம்பியவர் அல்லர். ஐயத்தை அதன் இறுதி வரை கொண்டுசென்றார்.

காயலின் இரு கரைகளிலும் இரண்டு பத்திரிகையாளர்கள். ஒருவர் கேள்வியிலிருந்து தொண்டுக்குச் சென்றார், மற்றவர் கேள்வியிலிருந்து வேதாந்தத்திற்குச் சென்றார். இருவரும் கேட்டதை நிறுத்தவில்லை, கேள்வியைச் சோம்பலுக்குச் சாக்காக ஆக்கவுமில்லை. வாழ்வின் பொருளைக் கொல்வது ஐயம் அன்று, அக்கறையின்மையே.

மரணத்தின் வாசலில்

தர்மம் ஒன்றே போதுமா? வாழ்வதற்கு அது போதும் என்று பலர் வாழ்ந்து காட்டியுள்ளனர். ஆயினும் ஒரு நாள் அன்புக்குரியவரின் படுக்கை அருகில் அமர நேர்கிறது. மருத்துவர் இனிச் செய்ய ஏதுமில்லை என்று கூறிவிடுகிறார். அப்போது எழும் கேள்வி, என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாண்டி, நான் யார் என்பதில் போய் முட்டுகிறது.

கடோபநிடதத்தின் நாயகனான நசிகேதன் இத்தகைய இளைஞன். பால் வற்றிய கிழப்பசுக்களைத் தந்தை தானம் செய்வதைக் கண்டு, இது வெறும் சடங்கு என்று உணர்ந்தவன். சடங்கின் பொய்யைக் கண்டதோடு அவன் நின்றுவிடவில்லை. யமனின் வாசலுக்கே சென்று மரணத்தைப் பற்றிக் கேட்டான். செல்வமும் நீண்ட ஆயுளும் தருகிறேன், இதைக் கேளாதே என்றபோதும் மசியவில்லை. இன்றைய இளைஞர் பலர் நசிகேதனின் முதல் பாதியை வாழ்கிறார்கள். இரண்டாம் பாதிக்கு அவர்களை அழைத்துச் செல்ல ஆள் இல்லை.

வேதாந்தம் முன்வைக்கும் ஆராய்ச்சி இதுதான். தொலைநோக்கியால் விண்மீனைக் கண் காண்கிறது. கண்ணின் தெளிவையும் மங்கலையும் மனம் அறிகிறது. மனத்தின் மகிழ்வையும் துயரையும் எது அறிகிறது? காணப்படும் எதையும் ஆராய அறிவியலுக்கு உரிமை உண்டு. காண்பவனை ஆராய்வது அவரவர் உள்ளே நிகழ வேண்டிய சோதனை. இதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று மேடையில் பேசத் தேவையில்லை. பேசுவது நேர்மையும் ஆகாது. நிரூபணம் கேட்கும் இளைஞரிடம் பொய் நிரூபணத்தை நீட்டினால் அவர் உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடுவார். "நம்பு" என்று சொல்லாமல், "அமைதியாக அமர்ந்து நீயே பார்" என்று சொல்வதே உபநிடதங்களின் வழி.

இல்லங்களில் செய்யத்தக்கது

விளக்கின் முன் அமர மறுக்கும் பிள்ளையிடம் வாதிட வேண்டாம். அவன் எதற்காகக் கோபப்படுகிறான் என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவன் மறுப்பது போலித்தனத்தையே. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு ஒருமையைப் பற்றிய சொற்பொழிவுக்குப் புறப்படும் பெற்றோரை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பூசைக்கு வராதவனைத் தொண்டுக்கு அழைக்கலாம். மருத்துவ முகாமில், ஏழைக் குழந்தைகளுக்கு நடக்கும் மாலை வகுப்பில், வெள்ளம் வந்த நாளில் நிவாரணப் பணியில் அவனுக்கு இடம் உண்டு. அங்கே அவன் தன்னை மறக்கும் ஒரு கணம் வாய்க்கும். அந்தக் கணத்திற்கு அவன் என்ன பெயர் வைத்தாலும் அது தன் பணியைச் செய்துவிடும். பெயருக்காகப் பூசலிட்டுப் பொருளை இழந்துவிடக் கூடாது.

விளக்கையும் அணைக்க வேண்டாம். ஏற்றுகிறவரின் முகத்தில் அமைதியும் நடையில் நேர்மையும் தெரிந்தால், வாசலில் நின்று பார்ப்பவனுக்கு அந்த ஒளி போய்ச் சேரும். மட்டாஞ்சேரியின் ஆலயங்கள் காட்சிக்கூடங்கள் ஆகுமா என்ற கேள்விக்கு அறிவியல் விடை சொல்லப்போவதில்லை. அவற்றிலிருந்து வெளியே வருபவர்கள் பந்தியில் யாரோடு அமர்கிறார்கள் என்பதே விடை சொல்லும்.

சிந்தனைக்கு

1. கடவுள் இல்லை என்று நாளை ஐயமற நிறுவப்பட்டால், இன்று செய்துவரும் நற்செயல்களில் எவற்றை நிறுத்துவோம்? எவற்றைத் தொடர்வோம்? விடை எதைக் காட்டுகிறது?

2. ஐயப்பனை விலக்கிவைத்த சபையில் நாம் அன்று இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்போம்? இன்று நம் இல்லத்திலோ தெருவிலோ அதே கேள்வி எந்த வடிவில் நிற்கிறது?

3. நசிகேதனைப் போல நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி எது? அதை எத்தனை நாளாகத் தள்ளிப்போட்டு வருகிறோம்?

4. இந்த மாதத்தில் ஒரு நாள், கருத்தில் முற்றிலும் மாறுபட்ட ஒருவரோடு அமர்ந்து உண்டு, அவர் எதற்காக வாழ்கிறார் என்பதைக் கேட்டறிய இயலுமா? வெல்வதற்காக அன்று, அறிவதற்காக.